பாடம் வீட்டுக்கு வரும், கல்லூரி வருமா?

(கருணாபுரம் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் மாதம் இந்த ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தோம். காட்டுக்குள் நடந்த சாவு அல்ல அது. காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கிற நகரத்துக்குள்ளேயே நடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள், நம் மக்கள். தாயையும் தகப்பனையும் ஒரே வாரத்தில் இழந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அவர்கள் நினைவாக நடக்கும் கூட்டத்தில் ஆன்லைன் படிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் அரசு சில உறுதிகளைத் தந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை. ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் பட்டப்படிப்பு வரை அரசே ஏற்கும் என்பதும் அதில் உண்டு. அந்த உறுதியில் 'விடுதி' என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளிடம் இப்போது புதிதாக ஒரு யோசனை சொல்லப்படுகிறது. "எதுக்குப் பாப்பா வெளியூர் போய்த் தங்கணும்? போன்லயே டிகிரி முடிச்சிடலாமே. வீட்டையும் பாத்துக்கலாம், வேலைக்கும் போகலாம்." சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். சொந்தக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், கணினி மையம் வைத்திருப்பவர் சொல்கிறார். இந்த யோசனையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து என்று நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உண்மையைப் பேசுவோம். இணையவழிக் கல்வி நமக்கு எதிரானது என்று சொல்ல நான் வரவில்லை.

சென்னை ஐஐடி 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஜேஇஇ எழுதாமலேயே அதில் சேர வழி உண்டு. முதல் சில வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு. பாடங்கள் இணையத்தில், தேர்வுகள் மையத்தில் நேரில். தாட்கோ நிறுவனம் நம் மாணவர்களை இதில் சேர்க்க உதவித் திட்டம் அறிவித்தது. லட்சக்கணக்கில் பணம் கட்டிக் கோச்சிங் போக முடியாதவருக்கு ஐஐடியின் கதவு இந்த அளவாவது திறந்தது பெரிய விஷயம்.

அதேபோல ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் இயங்குகிறது. அதில் பாடம் கேட்கக் காசு வேண்டாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை கல்லூரி மாணவர் ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. தன் கல்லூரியில் நல்ல ஆசிரியர் இல்லாத பாடத்தை இன்னொரு ஊர் ஆசிரியரிடம் கேட்கலாம். புரியாததை நான்கு முறை திருப்பிக் கேட்கலாம். வகுப்பில் "சார், இன்னொரு தடவை" என்று கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைக்கு இதன் அருமை தெரியும். குழந்தை பெற்ற பிறகு படிப்பைத் தொடர நினைக்கும் பெண், பகலில் மூட்டை தூக்கிவிட்டு இரவில் படிக்கும் தம்பி, படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு நகர முடியாத மகள் ஆகிய இவர்களுக்கெல்லாம் இது இரண்டாவது கதவு. அதை மூட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் முதல் கதவை மூடிவிட்டு இரண்டாவது கதவைக் காட்டினால் அது வேறு விஷயம்.

இதை நாம் ஒருமுறை அனுபவித்தே பார்த்தோம். 2020 மார்ச் மாதம் பள்ளி, கல்லூரி எல்லாம் மூடப்பட்டன. படிப்பு கைப்பேசிக்குப் போனது. அதற்குச் சற்று முன்பு, 2017-18இல், தேசிய மாதிரி ஆய்வு நாடு முழுவதும் கணக்கெடுத்திருந்தது. கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. இந்தக் கணக்கு அரசின் கையில் இருக்கும்போதுதான் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. 2020 ஜூன் 1ஆம் தேதி, கேரளத்தில் இணையவழி வகுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே, மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த தலித் சிறுமி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. எழுத்தறிவில் முன்னே நிற்கும் மாநிலத்தில் நடந்தது இது.

நம் மாநிலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நாள்தோறும் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்தார்கள். டேட்டா கிடைத்தாலும் அதற்கு டவர் வேண்டும், போன் வேண்டும், அந்தப் போன் பகலில் வீட்டில் இருக்க வேண்டும். ஒரே ஒரு போன் உள்ள வீட்டில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள். அதற்கு நான்கைந்து நாள் முன்பு அரசு என்ன தொடங்கியது? நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'. தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம். திரையால் முடியாததை மனிதர்களைக் கொண்டு செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா?

இது நம் நாட்டின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரி மாணவர்களை, அவர்கள் எடுத்த ஏறத்தாழ 5 லட்சம் பாடங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நேர்வகுப்பைவிட இணையவழி வகுப்பில் எல்லோரும் சற்றுப் பின்தங்கினார்கள். கறுப்பின மாணவர்களும், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்களும் மற்றவர்களைவிட அதிகமாகப் பின்தங்கினார்கள். முன்பிருந்த இடைவெளி இணையத்தில் இன்னும் அகன்றது. ஹார்வர்டும் எம்ஐடியும் உலகத்துக்கே திறந்துவிட்ட இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100க்கு 3 பேர் அளவுதான். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வசதியான நாட்டுக்காரர்கள். கதவைத் திறந்து வைப்பதாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிட முடியாது. வழித்துணை இருப்பவர் வருவார். இல்லாதவர் வாசலில் நிற்பார்.

ஏன் இப்படி? இங்கேதான் விடுதி என்ற சொல்லுக்கு வருகிறேன்.

முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி தருவது பாடம் மட்டும் அல்ல. மேல்சாதி வீட்டுப் பிள்ளை ஆன்லைனில் படித்தாலும், பக்கத்து அறையில் படித்த அப்பா இருக்கிறார், கல்லூரி ஆசிரியையான சித்தி இருக்கிறார். எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் என்று சாப்பிடும்போதே காதில் விழும். நம் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்? விடுதி அறையில் மூத்த மாணவரிடம் கிடைக்கும். நூலகத்தில், தேநீர்க் கடையில், வாசிப்பு வட்டத்தில், போராட்டத்தில் கிடைக்கும். சமூகவியலில் இதற்குப் 'பண்பாட்டு மூலதனம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அந்த மூலதனம் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ள நமக்கு இருக்கும் ஒரே இடம் கல்லூரி வளாகம்.

நம் முன்னோடிகளுக்கு இது தெரியாமலா இருந்தது? அண்ணல் அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்தச் சபை செய்த முதல் காரியங்களில் ஒன்று சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாய் சித்தார்த்தா கல்லூரி எல்லாம் பிறகு. முதலில் தங்க இடம். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அங்கே பள்ளியும் விடுதியும் சேர்ந்தே வளர்ந்தன. சேரியில் இருந்துகொண்டே சேரிப் பிள்ளை படித்துவிட முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. பண்ணையார் கூப்பிட்டால் மாடு மேய்க்கப் போக வேண்டும். வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் புத்தகத்தை மூட வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டிருக்கும் இடத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவருவதுதான் கல்வியின் முதல் படி.

ஆன்லைன் அந்தப் பயணத்தைத் திருப்பி நடத்துகிறது. வெளியே வந்த பிள்ளையை மறுபடியும் அதே தெருவுக்கு அனுப்புகிறது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். கல்லூரிக்குப் போகிற பெண் படிக்கிறவளாகத் தெரிவாள். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற பெண் சும்மா இருக்கிறவளாகத்தான் தெரிவாள். தண்ணீர் பிடிக்க அவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள், ஜாதகம் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போடவும் அவள்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும் நான்கு தோழர்களும் எப்படித் தண்டிக்கப்பட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வகுப்புக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. விடுதியில் தங்கக் கூடாது, பொது இடங்களில் கூடக் கூடாது என்றார்கள். வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டு, அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டு அவர்கள் உட்கார்ந்தார்கள். தெலுங்கில் அது சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். பாடம் உண்டு, இடம் இல்லை என்பது ஒரு தலித் மாணவருக்குத் தரப்பட்ட தண்டனை, தோழர்களே. அதையே இன்று வசதி என்ற பெயரில் நமக்குத் தந்தால் நாம் யோசிக்க வேண்டாமா?

இணையத்தில் சாதி கிடையாது, அங்கே யாரும் யாரையும் தனியாக உட்கார வைக்க முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. திரையில் பெஞ்சு இல்லை, கடைசி வரிசை இல்லை. ஆனால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, உதவித்தொகைப் பட்டியல் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு இணையத்தில் நடந்தது. அதில் ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். அந்தக் காணொளி வெளியே வந்தது, நாடு பார்த்தது, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சாதி வயர் வழியாகவும் வரும் என்பது ஒன்று. மூடிய வகுப்பறையில் நடந்திருந்தால் சாட்சி இல்லாமல் போயிருக்கும் கொடுமைக்கு இணையத்தில் பதிவு கிடைத்தது என்பது இன்னொன்று. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

கல்வராயன் மலைக்கு வருகிறேன். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு விடுதலை வந்தது. 2024 சாவுகளுக்குப் பிறகு, அந்த மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகளின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு, பட்டியல் சாதியினருடையது 73.3. சாலைக்கே நீதிமன்றம் பேச வேண்டிய மலையில், கல்லூரி தூரமாக இருக்கிறது, ஆன்லைனில் படி என்று சொல்வது எளிது. சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போவது பிள்ளைகளின் பாடு. மலைக்குத் தேவை கல்லூரிக்கு இறங்கிவரப் பேருந்தும், இறங்கி வந்தால் தங்க விடுதியும். டவரும் வேண்டும்; ஆனால் பேருந்துக்கும் விடுதிக்கும் ஈடாக டவரைக் காட்டக் கூடாது.

இனி மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. ஆன்லைன் பட்டத்தில் சேரும் முன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி உள்ள பட்டம் நேர்வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் மானியக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டம் போன்ற படிப்புகளை ஆன்லைன் பட்டமாக யாராவது விற்றால் ஏமாற வேண்டாம். அதற்கு அனுமதியே கிடையாது.

இரண்டு. தனியார் கல்விச் செயலிகளின் விற்பனை ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். "இலவசம்" என்று தொடங்கி, மாதத் தவணைக் கடனில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்து அறிவுரை வெளியிட்டது. இங்கே நிவாரணப் பணம் வைப்பில் இருக்கும் வீடுகள் பல. அந்தப் பணத்தின் வாசனை அவர்களுக்குத் தெரியும். படித்துப் பார்க்காமல், நாலு பேரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்று. எதை இழக்கிறோம் என்று கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. தொலைநிலை, அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்தால் அது இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சாதாரணப் பட்டப்படிப்புக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து போகிறவருக்கு 3,000 ரூபாய் பராமரிப்புப் படி. வீட்டிலிருந்தே படிப்பது மலிவு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

நான்கு. திறன் பயிற்சிக்கு இணையத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. கணக்கு, கணினி மொழி, ஆங்கிலம், போட்டித் தேர்வு இவற்றுக்கெல்லாம் இணையம் நல்ல துணை. ஆனால் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். ஐந்து பேர் சேர்ந்து, ஒரு திரையில், ஒரு நேரம் குறித்துப் பாருங்கள். பாதியில் விடுபவர்களில் பெரும்பாலோர் தனியாகத் தொடங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்த ஐந்து பேர் உட்கார ஓர் இடம் வேண்டுமே? அதுதான் இயக்கங்களுக்கு நான் வைக்கும் வேலை. ஒவ்வொரு சேரியிலும் அம்பேத்கர் படிப்பகம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, அல்லது இருந்தது. அதில் இணைய இணைப்பும் நான்கு கணினியும் ஒரு விளக்கும் இரவு பத்து மணி வரை இருந்தால் ஆன்லைன் படிப்பின் பாதிக் குறை தீரும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். அதை விரித்து வைத்துப் படிக்க மேசையும் வேண்டும், அருகில் கேட்டுச் சொல்ல ஆளும் வேண்டும்.

அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை அதைவிடப் பெரியது. 2025 ஜூலையில் நம் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2023இல் கல்லூரி விடுதி மாணவரின் உணவுப் படியை மாதம் 1,100இலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தினார்கள். நாள் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. அந்தப் பணத்தில் என்ன சமைக்க முடியும் என்று இங்கிருக்கும் தாய்மார்களே சொல்லட்டும். பெயரில் இருக்கும் நீதி தட்டிலும் கழிப்பறையிலும் நூலக அலமாரியிலும் தெரிய வேண்டும். விடுதி மோசமாக இருப்பதால்தான் "அங்க போய் ஏன் கஷ்டப்படணும், ஆன்லைன்ல படி" என்ற பேச்சே எடுபடுகிறது. விடுதியை நலிய விட்டுவிட்டுத் திரையைப் புகழும் கொள்கையை நாம் ஏற்கக் கூடாது.

கருணாபுரத்துத் தாய்மார்களே, அத்தைமார்களே, பாட்டிமார்களே. பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்திருக்கிறது. வயசுப் பெண்ணை வெளியூர் அனுப்பப் பயம் இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வராத வீடு அது. உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பிள்ளைகளை அனுப்புங்கள். பட்டப்படிப்பு வரை, விடுதியோடு என்று அரசு சொன்னதை முழுசாகக் கேட்டு வாங்குங்கள். யாராவது "ஆன்லைன்ல படிச்சா போதும்" என்று சொல்லி அந்த விடுதியைக் கழித்துக்கொள்ள விடாதீர்கள். சேர்க்கை நேரத்தில் விண்ணப்பம் போடவும், சாதிச் சான்றிதழுக்கு அலையவும், முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வரை கூட வரவும் இந்த மன்றத்தின் தோழர்கள் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எல்லோர் சார்பிலும் நான் இப்போதே சொல் கொடுக்கிறேன். மறுப்பவர்கள் எழுந்து சொல்லலாம்.

யாரும் எழவில்லை.